யெஸ், மிஸ்

தங்கமயில் பதினாறு வருஷம் நாடகக் கம்பெனிகளில் ராணியாக இருந்தவள். அந்த ராணிக்குத் தொண்டைதான் ராஜ்யம். அறுபத்திரண்டாம் வருஷம் தாராவிக் கொட்டகையில், ஒரு பாட்டின் நடுவில், அது படக்கென்று போயிற்று. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேசலாம். உச்சத்தில் பாடுவதை மட்டும் மறந்துவிடுங்கள்" என்றார். கையில் மிச்சமிருந்தது பாளையங்கோட்டையில் என்றைக்கோ பாஸான எஸ்.எஸ்.எல்.சி. ஒன்றுதான்.

தாராவியில் திருநெல்வேலிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதுங்காவில் பயிற்சி முடித்து வந்தால் வேலை தருவதாகச் சொன்னார் கமிட்டித் தலைவர் பிரம்மநாயகம். பலசரக்குக் கடை, நெற்றி நிறைய விபூதி.

"இதுக்கு முந்தி என்ன சோலி பாத்தீய?" என்று அவர் கேட்டார்.

"வீட்டுல வச்சுப் பிள்ளையளுக்குப் பாடஞ் சொல்லிக்குடுத்தேன், மொதலாளி."

பதினாறு வருஷம் வசனம் பேசிய வாய்க்கு ஒரு பொய் சொல்லவா தெரியாது? கூத்தாடிச்சி என்று தெரிந்தால் எந்த அப்பன் பிள்ளையை அனுப்புவான்? வேலை போய்விடும். வேலை போனால் தங்கச்சி வீட்டில் காலமெல்லாம் தண்டச்சோறு. அதனால் பழைய போட்டோக்களைக்கூட டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

பயிற்சி கொடுத்த மிஸ் கர்க்காரியா பார்சிக்காரர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்மொழியில் அர்த்தம் சொல்லாதே, செய்து காட்டு என்பது அவர் முறை. "நான் கதவைத் திறக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே கதவைத் திறக்க வேண்டும். மற்றவர்கள் திறந்தால் கதவு திறந்தது. தங்கமயில் திறந்தால், வெளியே யார் நிற்கிறார்கள் என்று வகுப்பே எட்டிப் பார்த்தது. "இதை எங்கே கற்றாய்?" என்று மிஸ் வியந்துபோய்க் கேட்டார். அன்றிலிருந்து அவள் பயந்துபோய், கதவைக் கொஞ்சம் மோசமாகத் திறக்கப் பழகிக்கொண்டாள். நன்றாக நடிப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

குழந்தைப் பாட்டுகளுக்காக மிஸ் ஓர் ஆர்மோனியக்காரரை ஏற்பாடு செய்தார். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றவரைத் தங்கமயில் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பிச்சையா! கம்பெனியில் அவள் பாட்டுக்கெல்லாம் பெட்டி போட்டவர். கோலாரில் அவள் டைபாயிடு கண்டு கிடந்தபோது, கம்பெனி அவளை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போயிற்று, இவர் போகவில்லை. கூட இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

"ஏ மயிலு! நீ எங்க இங்க?"

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தங்கமயில் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள். பிச்சையா பெட்டியை இறக்காமல் அப்படியே நின்றார். மிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"யூ டோன்ட் நோ ஹிம்?"

உனக்கு இவரைத் தெரியாதோ? இதையே தமிழில் கேட்டிருந்தால், பிச்சையாவின் முகத்துக்கு நேரே பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்திருக்காது. இங்கிலீஷ் வசதியாகப் போயிற்று. அவருக்குப் புரியாது. தெரியாதோ என்றால், ஆமாம், தெரியாது.

"யெஸ், மிஸ்" என்றாள்.

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. பிச்சையாவும் வாயெல்லாம் பல்லாகப் பெட்டியை இறக்கினார். இவர்கள் எதற்குச் சந்தோஷப்படுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தப்பித்தோம் என்பது மட்டும் விளங்கியது.

பக்கத்தில் அபயாம்பாள் இருந்தாள். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், ரயில்வே ஆபீஸர் வீட்டு மாமி. "உங்களையா கூப்ட்டார்? தெரிஞ்சவரோ?" என்று காதோடு கேட்டாள்.

"இல்ல மாமி. வேற யாரோன்னு நெனச்சிட்டாரு போல."

பாட்டு ஆரம்பமாயிற்று. ஒவ்வொருவராக எழுந்து பாட வேண்டும். தங்கமயிலின் முறை வந்தது. இரண்டாவது அடியில் மேலே போகும்போது தொண்டை பிசிறியது. அந்தக் கணமே ஆர்மோனியம் சுருதியைக் கீழே இறக்கிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை, பிச்சையா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் அதுதான் மெட்டு என்று நினைத்தார்கள். தங்கமயிலுக்குக் கூசியது. ஆனாலும் வகுப்பு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் மிஸ் அபயாம்பாளைப் பார்த்து, "யூ டோன்ட் ஈட் ஃபிஷ்?" என்று கேட்டார்.

"யெஸ், மிஸ்!" என்றாள் அபயாம்பாள் பெருமையாக.

"ஓ, அப்படியானால் நீ மீன் சாப்பிடுகிறவள்!"

"சிவ சிவா!" என்று மாமி காதைப் பொத்திக்கொள்ள, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் பொறுமையாக விளக்கினார். உங்கள் பாஷையில் கேள்விக்கு ஆமாம் போடுகிறீர்கள். இங்கிலீஷ் கேள்வியைப் பார்க்காது, உள்ளதைப் பார்க்கும். உண்டென்றால் யெஸ். இல்லையென்றால் நோ.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த தங்கமயிலுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. உனக்கு இவரைத் தெரியாதோ? யெஸ், மிஸ். அவள் சொன்ன பொய், இங்கிலீஷில் போய் உண்மையாக விழுந்திருந்தது.

இடைவேளையில் பிச்சையா மாடிப்படியில் இரண்டு கிளாஸ் டீயோடு நின்றார்.

"குடி மயிலு. நேத்து எனக்கு மனசு குளுந்துட்டு, கேட்டியா? இங்கிலீசுல எஸ்ஸு, நோ ரெண்டுதான் எனக்குத் தெரியும். நீ குனிஞ்சதும், சரி, பெரிய எடம், நம்மளத் தெரியாதுன்னு சொல்லிருவாளோன்னு பதறிட்டேன். செம்பூர்ல நம்ம கம்பெனி ஆளு ஒருத்தன் என்னயக் கண்டதும் ரோட்டத் தாண்டிப் போயிட்டான். நீ அத்தன படிச்ச ஆளுவ முன்னால எஸ்ஸுன்னே!"

"அண்ணாச்சி..."

"மேம்சாப்கிட்ட நேத்தே எனக்குத் தெரிஞ்ச இந்தியில எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ ராணியா வந்து நின்னா கொட்டக எப்படி அடங்கும்னு."

நான் சொன்னது பொய், அண்ணாச்சி. பாஷை தெரியாததால் மாறி விழுந்துவிட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், இந்த நன்றியைத் தாங்க முடியவில்லை.

"டீ ஆறுது பாரு" என்றார் பிச்சையா. குடித்தாள். அவளுக்குப் பிடித்த மாதிரியே சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மறுபடி வகுப்பு கூடியதும் மிஸ் எல்லோருக்கும் சொன்னார். நம்மோடு ஒரு நடிகை உட்கார்ந்திருக்கிறாள், எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! காலையில் பிரம்மநாயகத்துக்கும் டெலிபோன் பண்ணிச் சொல்லியாயிற்று. பிள்ளைகள் தூங்காமல் பாடம் கேட்டால் சரி என்றாராம் அவர்.

அவ்வளவுதானா? இந்தச் சொத்தைப் பயத்துக்காகவா கஞ்சி ஊற்றிய கையைத் தெரியாது என்றேன்? தங்கமயிலுக்கு உடம்பெல்லாம் குன்றியது. அபயாம்பாள் திரும்பி, "நேத்து வேற யாரோன்னேளே?" என்றாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். அதுவே போதுமாக இருந்தது.

"இத்தனை வருஷம் மேடையில் இருந்துவிட்டு எங்களிடம் சொல்லவே இல்லையே!" என்று மிஸ் தங்கமயில் பக்கம் வந்தார். பாடத்தையும் விடாமல், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார்.

"யூ ஆர் நாட் அஷேம்ட்?"

உனக்கு வெட்கமாக இல்லையே? தங்கமயில் விதியை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். கேள்வியைப் பார்க்காதே, உள்ளதைப் பார். கதவோரம் பிச்சையா துண்டால் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யெஸ், மிஸ்" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் நெற்றியில் தட்டிக்கொண்டார். "மறுபடியும் அதே தப்பு! 'நோ, மிஸ். ஐ ஆம் நாட் அஷேம்ட்.' எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்."

எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். தங்கமயிலும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து, பிச்சையா ஆர்மோனியத்தில் சுருதியை மெல்லக் கீழே இறக்கினார்.