வலிக்காத கட்டி

அக்காவுக்குப் பல் செட்டு செய்து கொடுத்தவன் சொந்தத் தம்பி. பல் டாக்டர். கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான். பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி அந்தப் பெயரைப் பரப்பியதும் அக்காதான்.

மேல் செட்டு அழுத்துகிறது என்று அவள் முதல் தடவை வந்தபோது, அண்ணத்தின் பின்பக்கம், ஓரமாகச் சின்னப் புடைப்பு ஒன்று இருந்தது. தம்பி விரலால் அமுக்கிப் பார்த்தான். கெட்டி. புண் இல்லை, சிவப்பும் இல்லை.

"வலிக்குதா?"

"இல்லடா."

"அப்ப ஒண்ணுமில்லக்கா. செட்டு உரசித் தடிச்சிருக்கு."

செட்டின் உள்பக்கத்தில் அந்த இடத்தைக் கொஞ்சம் குடைந்து கொடுத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த வருஷம் மறுபடி அழுத்தியது, மறுபடி குடைந்தான். அதற்கடுத்த வருஷமும் அதே கதை. வாடகை தராத குடித்தனக்காரனுக்கு அறையை இடித்துப் பெரிதாக்கிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

பிறகு, செட்டைக் கழற்றிவிட்டு வெந்நீரில் கொப்பளித்தாலும் அந்தப் பக்கம் சூடு உறைக்காமல் போனது. "இப்பல்லாம் செட்டு இருக்கறதே தெரியலடா" என்றாள் அக்கா. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மரத்துப் போனதைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்டான், பாவி. படித்தவன்தான்.

கடைசியில் குடைவதற்குச் செட்டில் இடமே இல்லாதபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். அண்ணத்தில் இருக்கும் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய். மைக்ராஸ்கோப்பில் சல்லடை போலத் தெரியும், நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊரும் ரகம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் லேசில் விடாது. அண்ணத்தில் பாதியை எடுக்க வேண்டும்.

சர்ஜன் அறை வாசலில் தம்பி அவள் கையைப் பிடித்தான்.

"எவ்வளவு நாளா இருக்குன்னு கேப்பாங்கக்கா. ஆறு மாசம்னு சொல்லிடு. என் பொழப்பே போயிடும்."

இவனுக்காக அவள் சொல்லாத பொய்யா? அப்பாவிடம், வாத்தியாரிடம், பெண் வீட்டாரிடம். ஆனால் இது அவளுடைய வாய். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என் தம்பி" என்று மட்டும் உள்ளே சர்ஜனிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சர்ஜன் செட்டை வாங்கி, குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "இது ஒரே தடவையில குடைஞ்ச மாதிரி இல்லையே. எத்தனை நாளாம்மா இருக்கு?"

"மூணு வருஷம். ஒரு பல் டாக்டர் குடைஞ்சு குடைஞ்சு குடுத்தாரு." செட்டு இல்லாத வாயில் வார்த்தை காற்றாகப் போனது.

"வளருதுன்னு சொல்லலையா அவரு?"

"ஒண்ணுமில்லன்னாரு."

சர்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த ஆளை விடாதீங்கம்மா, புகார் குடுங்க. உங்களால முடியலன்னா என்ன, தம்பி இருக்காரே, அவரு எழுதட்டும்."

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"எழுதறியாடா?"