வலது பக்க ஆட்டக்காரன்

கப்பலோடு காணாமற்போன றேமண்ட், பல வருசங்களுக்குப் பிறகு, கொட்டாஞ்சேனையில் தன் மனைவி லவினாவின் முன்னறையில் நிற்கிற வீடியோ கேம் பெட்டியில் விளையாடத் தொடங்கினான். பேக்கரிப் பாண் விலை இரண்டாம் தடவை ஏறிய வருசம் அது. கலியாணத்துக்கு முன் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டது வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் இருந்த விளையாட்டுக் கடையில். விண்கப்பல் ஆட்டம், லவினா இடது பக்கம், அவன் வலது பக்கம். பிறகு கடை மூடப்பட்டது, அவளைக் கலியாணம் முடித்தான், சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

கொம்பனித்தெருவில் மாடி கட்ட வீடுகளை உடைத்தபோது, லவினாவோடு வேலைசெய்த பைறோஸா, தன் வீட்டில் கோழி அடைத்திருந்த பழைய விளையாட்டுப் பெட்டியொன்றைக் காட்டினாள். வலது பக்கப் பலகையில், அந்தக் கடையில் றேமண்டின் சிகரெட் சுட்ட வடு இருந்தது. லவினா அதை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கறையான் தின்ற பலகைகளை அவளே மாற்றி, உரஞ்சி, பெயின்ற் அடித்தாள். உள் வேலைக்கு வந்தவர் வெள்ளவத்தையில் ரீவி திருத்துகிற சிவபாலன், கலியாணம் முடிக்காத தனி ஆள். ஒரு கிழமை வேலையை மாதக்கணக்காக இழுத்தார். அவள் மூக்கு நுனியில் பெயின்ற் பட்டிருந்த ஒரு பின்னேரம், என்னைக் கலியாணம் முடிப்பீங்களா என்று கேட்டுவிடத் தீர்மானித்தார். அந்த நேரம், கப்பலை ஓட்டுகிற வலது பக்கப் பிடியின் வயர் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல் தண்ணீர். துடைத்தார், திரும்பவும் சொட்டியது. எதிலும் கொழுவாத பிடி அவருடைய உள்ளங்கைக்குள் மெல்லத் திரும்பியது.

“வலது பக்கத்துக்குச் சாமான் இல்லை. இடது பக்கம் மட்டும்தான் வேலை செய்யும்” என்று பொய் சொன்னார்.

“தேடிப் பாருங்கோ, பாலன்.”

“ஓம், பாப்பம்.”

அவள் தனியாக ஆடினாள். வலது பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஓரமாகவே நின்றாள்; அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்து, சீக்கிரம் தோற்றாள். மழைக்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிவபாலன், ஒரு ஞாயிறு, சேர்ச்சில் பூசை முடிந்த கையோடு வந்து, பெட்டிக்குப் பின்னால் குந்தி, வலது பிடியின் வயரை ஈயத்தால் பற்றவைத்தார். யாரும் பிடியைத் தொடாமலே வலது பக்கக் கப்பல் எழும்பியது.

லவினா கத்தவில்லை. “இவ்வளவு லேற்றாவா வாறது?” என்று கேட்டுவிட்டுப் பட்டனை அமத்தினாள்.

சிவபாலன் பையைப் பூட்டினார்.

“எங்க போறீங்கள்? சோறு இருக்கு” என்றாள், திரும்பாமல்.

சேர்ச்சிலிருந்து சுவாமியார் வந்து பார்த்தார்; ஈரமாக இருக்கிறபடியால் ஏர்த் வயர் போடச் சொல்லிவிட்டுப் போனார். சிவபாலன் உப்புத் துடைக்க வந்துபோனார். துடைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் வந்தார்.

ஒரு பின்னேரம் கறி அடிப்பிடித்தது. லவினா இடது பிடியை அவர் கையில் தந்துவிட்டுக் குசினிக்கு ஓடினாள். அவர் ஒருநாளும் ஆடியதில்லை. எதிரிகள் சுற்றி வளைத்த நேரம், வலது பக்கக் கப்பல் அவருக்குக் குறுக்கே வந்து நின்று, அடி வாங்கி வெடித்தது.

“யார் போனது?” என்றாள் உள்ளேயிருந்து.

“அவர். என்னைக் காப்பாத்தப் போய்.”

கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். சிவபாலன் இடது பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப அவருக்கு இன்னொரு காசு போடுங்கோ” என்றாள். “நீங்களும் இடத்தை விட்டிடாதேங்கோ.”

அவர் காசு போட்டார்.