ஊசித் துளை

மணி மூன்று இருபது. நாலு மணிக்கு மாதவ் கூப்பிடுவார். அதற்குள் தன் குரல் எங்கே போய் அடைத்துக்கொண்டது என்று உமைரா கண்டுபிடித்தாக வேண்டும்.

தொண்டையில் கோளாறு இல்லை. மாடியறை ஜன்னலில் நின்று அவள் "ஏங்க" என்று கூப்பிட்டால் தாராவியின் அந்தச் சந்தில் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். கோளாறு கையிலிருந்த கார்ட்லெஸ் போனில். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிற அழைப்புகள் இன்டர்நெட் வழியாக இந்தப் போனில்தான் வந்து விழும். யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்க ஆள் போக வேண்டும் என்று கேட்டுப் பதிவது அவள் வேலை. ஏழு மாதமாக ஒரு குறையும் இல்லை. எட்டு நாளாகத்தான் எடுத்த எடுப்பிலேயே, "ஆவாஸ் நஹீ ஆ ரஹீ", குரலே கேட்கவில்லை என்று எதிர்முனை எரிந்து விழுகிறது. நேற்று ஒரு பெரியவர், எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பதில் காதில் விழாமல் வைத்துவிட்டார். அந்தப் புகார் முலுண்டில் இருக்கும் சூப்பர்வைசர் மாதவுக்குப் போயிற்று. அவர் செல்லில் கூப்பிட்டுப் பதவிசாகத்தான் சொன்னார். "நாளைக்கு நாலு மணிக்கு நானே பேஷன்ட் மாதிரி லைன்ல வரேன் உமைரா. அப்பவும் இப்படியே இருந்தா, உங்க லைனை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்."

வேறு ஆளுக்கு. அந்தச் சொல் காலையிலிருந்து அவளை உட்கார விடவில்லை. லைன் போனால் தான் போய்ச் சேரும் இடம் அவளுக்குத் தெரியும். இரும்பு ஏணியில் பதினோரு படி இறங்கினால் மாமனார் கரீம் பாட்சாவின் தோல் பைப் பட்டறை. அங்கே பசை டப்பாவுக்கு முன்னால் ஒரு மணை இன்னும் காலியாகக் கிடக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அதில் உட்கார்ந்து தோல் ஒட்டினாள். பசை நெடி நெஞ்சை அடைத்து, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்தாள்.

போனின் மெனுவில் மைக் சத்தத்துக்கு ஐந்து கட்டம் இருந்தது. ஐந்தையும் நிரப்பினாள். பாட்டரியைக் கழற்றி மாட்டினாள். சார்ஜ் போடும் ஸ்டாண்டை பீரோ மேலிருந்து ஜன்னலுக்கு மாற்றினாள். ரவுட்டரை அணைத்து நூறு வரை எண்ணிவிட்டுப் போட்டாள். அவளுக்கு அந்த ரவுட்டர் மேல்தான் சந்தேகம். கேபிள்காரர் சொரிமுத்து அதை மாற்றிவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை ஆரம்பித்த வம்பு இது. இன்றைக்கு மூன்றாவது தடவையாக அவரைச் செல்லில் பிடித்தாள்.

"அவங்க பேசுதது உனக்குக் கணீர்னு கேக்குதுல்லா தங்கச்சி? ஒரு பக்கத்துக்கு மட்டும் நெட்டு விடுத வித்தை எனக்குத் தெரியாது" என்றவர், ஒரு நம்பரைக் கொடுத்தார். அதில் பேசினால், பேசியது அப்படியே திரும்பி வருமாம்.

பேசினாள். திரும்பி வந்தது. தலையோடு போர்த்திக்கொண்டு யாரோ முனகுவது போலிருந்தது. எட்டு நாளாக மும்பைக்குத் தன்னிடமிருந்து போனது இதுதானா? உமைராவுக்கு உடம்பு கூசியது.

மூன்று முப்பத்தைந்து. பெட்டியோடு வந்த விளக்கத்தாளைத் தேடி எடுத்தாள். போனின் படம். அதன் அடிவிளிம்பை நோக்கி 'மைக்' என்று ஒரு அம்புக்குறி. அம்பின் நுனியில் ஒரு புள்ளி. தன் கையிலிருந்த போனின் அடிவிளிம்பைப் பார்த்தாள். புள்ளி இல்லை. அங்கே பழுப்புத் தோல், நெருக்கமான தையல்.

டீயோடு யாசர் ஏணியேறி வந்தான். அந்தத் தோலுறை அவன் தைத்தது. ஆண்டாப் ஹில்லில் வாடகை இடத்தில் ஓடிய மூன்று தையல் மெஷின்களும் ரவுட்டர் மாற்றியதற்கு முந்தின ராத்திரி கீழே பட்டறையில் வந்து இறங்கின. தோல் தூசி மாடி வரை ஏறியது. பொண்டாட்டியின் போன் கெட்டுவிடக் கூடாதென்று கல்யாண நாளன்று, அதே செவ்வாய்க்கிழமை, உறை போட்டுக் கொடுத்தான்.

"இங்கன ஒரு ஓட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஊசி மொனை அளவு. அதுவழியாத்தான் தூசி போவும்னு அந்த எடத்துல மட்டும் ரெட்டைத் தோலு வச்சு அடிச்சேன்." பெருமையாகத்தான் சொன்னான்.

"அது தூசி போற ஓட்டை இல்ல. நான் பேசுத ஓட்டை."

யாசர் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு எட்டு நாளும் நல்லாத்தான கேட்டுச்சு" என்று முணுமுணுத்தான்.

சிரிக்க நேரமில்லை. உறையை உருவிவிட்டு மறுபடி அதே நம்பர். இந்தத் தடவை அவள் குரல் பளிச்சென்று திரும்பி வந்தது. தனியாக வரவில்லை. மூன்று மெஷின்களின் கடகடப்பு, சுத்தியல், யாரையோ ஹிந்தியில் திட்டும் மாமாவின் தொண்டை, எல்லாம் சேர்ந்தே வந்தன. வேலையில் சேரும்போது நிரப்பிய படிவம் அவள் கண் முன் வந்தது. 'தனியறை. வெளிச்சத்தம் கிடையாது.' எழுதியபோது அது உண்மைதான். மெஷின்கள் வந்த பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் குரலை அமுக்கிய அதே தோல்தான் பட்டறையையும் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது.

பத்து நிமிஷம் மெஷினை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டாள். ஆறு மணிக்கு டெம்போ வருகிறது, இன்னும் நாற்பது பை பாக்கி என்றான் யாசர். "மெஷினை நிறுத்தச் சொன்னா வாப்பா மொதல்ல என்னை நிறுத்துவாரு."

ஆனால் அவன் சும்மா நிற்கவில்லை. கீழே ஓடி, துளை போடும் பஞ்ச் இரண்டும் சுத்தியலும் கொண்டு வந்தான். உறையைப் பலகையில் வைத்து, மெனக்கெட்டு மூடிய அதே இடத்தில் சின்ன பஞ்ச்சை வைத்து ஒரே தட்டு. மாட்டிப் பார்த்தார்கள். முனகல்தான். அடுத்த அளவு. இன்னொரு தட்டு. குரல் வந்தது. மெஷின்கள் தெருக்கோடிக்குப் போன மாதிரி தேய்ந்தன. தேய்ந்தாலும் இருந்தன. உமைரா துளையின் மேல் கட்டைவிரலை வைத்தாள். பட்டறை காணாமல் போயிற்று. எடுத்தாள். வந்தது. மாதவ் பேசும்போது மூடு, நீ பேசும்போது திற என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். போதுமே.

நாலு அடித்தது. போனும் அடித்தது.

மாதவ் குரலை மாற்றிக்கொண்டு, மாட்டுங்காவிலிருந்து பேசும் தைராய்டுக்காரராக ஹிந்தியில் ஆரம்பித்தார். உமைரா விரலைத் திறந்தாள், பேசினாள், மூடினாள். முகவரி, வயது, காலை ஏழரை. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அவர் வேஷத்தைக் கலைத்துத் தமிழுக்கு வந்தார்.

"கணீர்னு இருக்கு உமைரா. எப்படிச் சரி பண்ணேள்னு அப்புறம் கேட்டுக்கறேன். ஒண்ணுதான் புரியலை. நீங்க பேசறப்போ மட்டும் பின்னாடி ஏதோ ஓடறது. நீங்க நிறுத்தினா அதுவும் நின்னுடறது. அது என்ன?"

ஏணித் தலைப்பில் யாசர், டிவி என்று சொல்லும்படி காற்றில் சதுரம் வரைந்து காட்டினான். கீழே மாமா நூல் கண்டு கேட்டுக் கூவினார். உமைராவின் கட்டைவிரல் நுனியில், வெட்டிய தோலின் வட்டத் துணுக்கு ஒன்று வியர்வையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விரலைத் துளையிலிருந்து மெல்ல எடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள், மூன்று மெஷின்களும் முலுண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.