இரண்டாவது பிரேக்

மற்றவர்களின் காரில் ஒன்றாக இருக்கும் சில சாமான்கள் மாஸ்டருடைய காரில் இரண்டாக இருக்கும். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி ஓட்டுபவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு ஒன்று. பிரேக்கும் அப்படித்தான். பழக வருகிறவர்கள் பதற்றத்தில் எதை மிதித்தாலும், மாஸ்டரின் கால் பக்கத்து இருக்கையின் முன்னால் தன் பெடலைத் தொட்டும் தொடாமலும் காத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தில் இருக்கும்போது எந்த வண்டியும் எதன் மேலும் முட்டியதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கூரைமேல் இருக்கும் டிரைவிங் ஸ்கூல் பலகையைக் கழற்றிவிட்டால் அதுவே குடும்பத்துக் கார்.

மகளுக்குக் கல்லூரி பார்க்கக் கிளம்பிய அன்றும் பலகையைக் கழற்றினார். பிரேக்கைக் கழற்றவில்லை.

"நான்தான் ஓட்டுவேன். போக, வர, ரெண்டும்," என்றாள் மகள். லைசென்ஸ் கைக்கு வந்த புதுசு. சிறு வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிற, காரணம் சொல்கிற பிள்ளை என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். "ஒரே ஒரு கண்டிஷன். நீங்க பிரேக்கைத் தொடக் கூடாது."

"தொடல."

"உங்க கால் உங்க பேச்சைக் கேக்காதுப்பா. மேல தூக்கி வெச்சுக்குங்க."

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை மட்டும் முறையாகப் போட்டுக்கொண்டு, இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னால் நாயோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தை அருகில் பார்த்துப் பழகியவள்.

"என்னங்க, போட்டோ பிடிக்க உக்காந்த மாதிரி இருக்கீங்க. கொஞ்சம் சிரிங்க."

நாயின் பெயர் ஹாரன். தெருவில் யார் ஹாரன் அடித்தாலும் பதில் சொல்லாமல் விடாது என்பதால் மாஸ்டரிடம் பழக வந்த ஒருவர் வைத்த பெயர்.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று பக்கத்திலேயே, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், படிப்பு வணிகவியல். மற்றது மலைக்கு அந்தப் பக்கம், விடுதியில் தங்க வேண்டும். படிப்பு கால்நடை மருத்துவம். மகளுக்கு மனசு அங்கே. மாஸ்டருக்கு மனசு இங்கே. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. "உன் இஷ்டம்மா" என்றுதான் சொல்லிவந்தார். அவர் சொல்லும் விதத்திலேயே அது யாருடைய இஷ்டம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பக்கத்துக் கல்லூரி வாசலில் காவலாளி நாயைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தார். மாஸ்டரும் ஹாரனும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். அம்மாவும் மகளும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"எப்படிம்மா இருக்கு?"

"பெயின்ட் நல்லா அடிச்சிருக்காங்கப்பா."

"அப்புறம்?"

"அதான் சொன்னேனே. பெயின்ட்."

மலைச்சாலை ஆரம்பித்தது. மகள் நன்றாக ஓட்டினாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால் மாஸ்டருக்கு வாய் அரித்தது.

"கியர்…"

"மாத்திட்டேன்ப்பா."

"கண்ணாடி…"

"பாத்துட்டேன்ப்பா. அம்மா, இவருக்கு ஒரு பிஸ்கட் குடு."

"இது ஹாரனோட பிஸ்கட்டுடி."

"பரவால்ல, குடு."

மாஸ்டரும் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் காலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

"கால் எங்கப்பா இருக்கு?" சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே மகள் கேட்டாள்.

"மரத்துப் போச்சும்மா. சும்மா தொங்க விட்டிருக்கேன்."

முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனது. மகள் அவசரப்படவில்லை. வளைவுக்குப் பின் வளைவாக அதன் பின்னாலேயே, போதுமான இடம் விட்டு, பொறுமையாக வந்தாள். அப்படித்தான் மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். தாண்டுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். தாண்ட ஆரம்பித்துவிட்டால் பாதியில் மனசை மாற்றக் கூடாது. பழக வரும் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்கிற பாடம் அது.

நேரான சாலை வந்தது. மகள் கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், ஹாரன் அடித்தாள். பின்னாலிருந்து நாயும் அடித்தது. கார் வெளியே வந்து லாரியின் பாதி நீளத்துக்கு முன்னேறியபோது, சாலையின் அந்தக் கோடியில் பஸ் ஒன்று தலைகாட்டியது.

தூரம் இருந்தது. தாராளமாக இருந்தது. அதைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த மனிதர் மாஸ்டர். அளந்தும் விட்டார். ஆனால் கால் அதற்கு முன்பே பெடலை அழுத்திவிட்டிருந்தது.

கார் குலுங்கி வேகம் இழந்தது. பக்கத்தில் லாரியின் பின் சக்கரம். எதிரே விளக்கை அடித்துக்கொண்டு பஸ். இனி முன்னால் போகவும் வேகம் இல்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, லாரி நகர்ந்து போனதும் அதன் பின்னால் காரைத் திருப்பி, மண் மேட்டை ஒட்டி நிறுத்தினாள். பஸ் பக்கத்தில் காற்றை அறைந்துவிட்டுப் போனது.

பின் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஹாரன் முன் இருக்கைகளின் நடுவே தலைகீழாகக் கிடந்தது. மனைவி அதைத் தூக்கப் போனாள். அது கத்திய கத்தலில் கையை எடுத்துக்கொண்டாள். முன்னங்கால் ஒன்று, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

மாஸ்டருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"நல்லவேளை, நான் பிரேக் போட்டேன்," என்றார். "இல்லேன்னா…"

அதோடு நிறுத்திவிட்டார். மகள் அவரையே பார்த்தாள். வக்கீல் வாதாடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பின்னால் போய் நாயின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் மிருகங்களுக்கு ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் அது அவர்கள் பார்க்கக் கிளம்பிய கல்லூரிக்குள்தான். இங்கே வாசலில் யாரும் நாயை மறிக்கவில்லை. காவலாளியே கேட்டைத் திறந்து முன்னால் ஓடி வழி காட்டினார். நீளமான கூடம். ஒரு பக்கம் கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முயலைக் கைக்குழந்தை போலத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றாள். ஈரத் தரையில் மருந்து வாடையும் வைக்கோல் வாடையும் கலந்து வந்தன. மகள் அந்த நிலைமையிலும் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை மாஸ்டர் கவனித்தார்.

டாக்டரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அங்கேயே பாடம் நடத்துகிறவர். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். ஹாரனை மேஜைமேல் படுக்க வைத்ததும், சொல்லாமலே மகள் அதன் தோளையும் தாடையையும் பிடித்துக்கொண்டாள். நாய் முனகியதே தவிரத் திமிறவில்லை.

"எங்க பிடிச்சா வலிக்காதுன்னு யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்."

"இங்க சேர வந்திருக்கியா?"

"ஆமா மேடம்." அன்று காரிலிருந்து இறங்கியபின் அவள் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"எப்படி அடிபட்டுச்சு?" டாக்டரம்மா இப்போது மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

"பொண்ணு ஓட்டிட்டு வந்தா, டாக்டர். லாரியைத் தாண்டப் போயி… திடீர்னு பிரேக்."

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. டாக்டரம்மா கட்டுப் போட்டுக்கொண்டே, சிரித்த முகத்தோடு, மகளிடம் சொன்னார்: "அவசரம் ஆகாதும்மா. இங்க வர்ற எதுக்கும் வாய் கிடையாது. நம்ம கை பதறிச்சுன்னா அதுங்க கதி என்ன?"

சுற்றி நின்றவர்கள் லேசாகச் சிரித்தார்கள். திட்டிச் சொன்னதல்ல, புதுப் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்கிற பேச்சாகத்தான் இருக்க வேண்டும். மகள் அப்பாவைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். மாஸ்டருக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை பேர் நிற்கிறார்களே என்ற நினைப்பும் வந்தது.

"வண்டி வெயில்ல நிக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கட்டு முடிந்ததும், கல்லூரியைச் சுற்றிக் காட்டச் சொல்லி ஒரு மாணவியை அனுப்பினார் டாக்டரம்மா. மகள், "இன்னொரு நாள் வரோம்," என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் இங்கயே சேர்ந்துக்கறேன்," என்றாள்.

"ஏண்டி?" என்றாள் அம்மா.

"பஸ்ல போயிட்டு வரலாம்ல."

காரணம் அவ்வளவுதான். வக்கீல் இதுவரை சொன்னதிலேயே மிகச் சின்னக் காரணம். மாஸ்டருக்கு முதலில் மனசு லேசானது என்பதுதான் உண்மை. அன்று இன்னொரு கை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். பாத்திரங்களைக் கழுவப் போடும்போது மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அங்க சேர இன்னும் நாள் இருக்கு."

"என்னத்தச் சொல்ல? அவளா எடுத்த முடிவு."

"அவளாவா எடுத்தா?" என்றாள் மனைவி. பிறகு குழாயைத் திறந்துவிட்டாள்.

சேர வேண்டிய கடைசி நாளும் போயிற்று. அந்த இடத்தில் வேறு யாரோ சேர்ந்திருப்பார்கள்.

ஹாரனின் கட்டைப் பிரித்தபின் கால் முழுசாக நேராகவில்லை. வீட்டுக்குள் அது நடக்கும்போது மூன்று காலின் சத்தமும் கொஞ்சம் இடைவெளியும் கேட்கும். மகள் பஸ்ஸில் போய் வந்தாள். அவளுடைய லைசென்ஸ் மேஜை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. மாஸ்டர் வழக்கம்போல வகுப்பு எடுத்தார். ஒருநாள் ஒரு தபால்காரருக்கு லாரியைத் தாண்டக் கற்றுக்கொடுக்கும்போது, "பாதியில மனசை மாத்தினா…" என்று ஆரம்பித்து அப்படியே வாயை மூடிக்கொண்டார். "மாத்தினா என்ன மாஸ்டர்?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். "ரோட்டைப் பாருங்க," என்றார் மாஸ்டர்.

ஏரிக்கரைப் பூங்காவில் இப்போது நாய்களையும் விடுகிறார்களாம் என்று கடையில் கேட்டுவிட்டு வந்தாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போவது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"இதைக் கழட்டிட்டு எப்படி மாஸ்டர் சொல்லிக்குடுப்பீங்க?"

"திங்கக்கிழமை மறுபடி மாட்டிக்கலாம். நாளைக்கு மட்டும் வேண்டாம்."

மறுநாள் காலை, கூரைப் பலகையும் இல்லாமல் பெடலும் இல்லாமல் கார் வாசலில் நின்றது. மாஸ்டர் மகளிடம் சாவியை நீட்டினார். பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து கீழே காட்டினார். பெடல் இருந்த இடத்தில் வெறும் துளைகள்.

மகள் குனிந்து பார்த்தாள். சாவியை வாங்கவில்லை.

"நான் கழட்டச் சொல்லலியேப்பா."

"நீ சொல்லல. நானாத்தான்."

"அன்னைக்கு 'இல்லேன்னா'ன்னு சொல்லிட்டு நிறுத்தினீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இல்லேன்னா என்னப்பா ஆயிருக்கும்? நான் அந்த ரோட்டை ஆயிரம் தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். சில நாள் தாண்டிடுறேன். சில நாள் பஸ்ல மோதிடுறேன். எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான மாஸ்டர்."

மாஸ்டர் காரின் கூரைமேல் கை வைத்துக்கொண்டார்.

"தாண்டியிருப்ப," என்றார். "நல்லாவே தாண்டியிருப்ப. இடம் நிறைய இருந்துச்சு. நான் போடாம இருந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் கோபப்பட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. அவள் கோபப்படவில்லை.

"இதை அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "கடைசி நாள் வரைக்கும், சொல்வீங்கன்னுதான் இருந்தேன். என் கையை எனக்கே நம்ப முடியலப்பா."

"அடுத்த வருஷம் மறுபடி…"

"பாக்கலாம்." அந்தச் சொல்லில் ஆசையும் இல்லை, மறுப்பும் இல்லை. "இன்னைக்கு நீங்களே ஓட்டுங்க. ஹாரனை யாராவது பிடிச்சுக்கணும்."

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். மனைவி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வழியில் செங்கல் லாரி ஒன்று முன்னால் போனது. மாஸ்டர் அதன் பின்னாலேயே போனார். நேரான சாலை வந்தது, முடிந்தது, மறுபடி வந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஊருக்கே தாண்டக் கற்றுக்கொடுத்த மனிதரின் கால் அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தார். மகள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகலாம்ப்பா," என்றாள். "எதிர்ல ஒண்ணும் இல்ல."

மாஸ்டர் சிக்னல் போட்டு வண்டியை வெளியே எடுத்தார். சக்கரம், செங்கல் அடுக்கு, ஜன்னலில் லாரி டிரைவரின் முழங்கை, எல்லாம் வரிசையாகப் பின்னுக்குப் போயின. அவள் சொன்னபடி எதிரே ஒன்றும் இல்லை.

"சரியாப் பாத்துச் சொன்ன," என்றார். வேண்டியதைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாஸ்டர் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். மகள் ஹாரனின் கோணல் காலை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள், எங்கே பிடித்தால் அதற்கு வலிக்காதோ அங்கே பிடித்து.