ஜாக்குக்குப் போன நித்திரை

குகதாசன் தன் நித்திரையைச் சீட்டாட்டத்தில் தோற்றது ரூ லூயி-பிளாங்க் தெருவில், ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில், ஞாயிறு மத்தியானம். லண்டனிலிருந்து வந்துபோகும் றொஜர், பொன்டூன் என்ற இங்கிலாந்து ஆட்டத்தை அங்கே பழக்கியிருந்தான். காசு வைத்து ஆடக் கடைக்காரர் விடவில்லை. ஆகவே ஆட்கள் நித்திரையை வைத்தார்கள். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவனிடம் அதைவிடப் பெறுமதியான சாமான் வேறென்ன இருக்கிறது?

ஆட்டம் பெரிய வித்தை இல்லை. முதல் சீட்டைப் பார்த்துவிட்டுப் பந்தயம் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாவது வரும். போதாதென்றால் மேலும் கேட்கலாம். இருபத்தொன்றைத் தாண்டினால் போச்சு. சமன் என்றால் சீட்டுப் போடுகிறவனுக்கே வெற்றி. தாண்டாமல் ஐந்து சீட்டுச் சேர்த்தவனை வெல்வது அபூர்வம். படச் சீட்டெல்லாம் வெறும் பத்து. இந்தக் கடைசி விசயம்தான் குகதாசனின் மண்டையில் ஏறவில்லை. அவன் ஊரில் முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன். அதில் ஜாக்கை மிஞ்ச ஒரு சீட்டும் கிடையாது, அடுத்தது ஒன்பது. நித்திரை போன மூன்றாம் மாதம், முதல் சீட்டாக ஜாக் வந்ததும் மனிதனுக்குத் தலைகால் தெரியவில்லை. எட்டு வயது மகள் மிருணாளினியின் நித்திரையைப் பந்தயம் வைத்தான். இரண்டாவது ஒன்பது. நெஞ்சு நிமிர்ந்தது. சீட்டுப் போட்ட றொஜரிடமும் பத்தொன்பதுதான் இருந்தது.

அன்றிலிருந்து பிள்ளை கண்மூடவில்லை. நித்திரை கொள்வது எப்படியென்று தகப்பனிடம் பிரெஞ்சில் கேட்டாள். வெட்கங்கெட்டவன், வேலைக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போய்விட்டான். ஊர்க்கதை எத்தனை நாள் மூடியிருக்கும்? மார்க்ஸ் டோர்மோய் பக்கத்து வீட்டுப் படியிலேயே மனைவி பூரணி அவனை மறித்தாள்.

"உங்கடை நித்திரையை வைச்சது உங்கடை பாடு. பிள்ளையின்ரையை ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?"

அடுத்த ஞாயிறு அவளே பிள்ளையோடு போய் மேசையில் இருந்தாள். முன்னூற்றிநாலுக்குப் பெண்களை யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் எந்தச் சீட்டிலும் அவளுக்கு மயக்கமில்லை. முதல் சீட்டு இரண்டு. மகளின் நித்திரைக்கு எதிராகத் தன் நித்திரையை வைத்தாள். அடுத்தது மூன்று. "இன்னொண்டு தாங்கோ அண்ணை," என்றாள். நாலு. இன்னொன்று, திரும்பவும் இரண்டு. ஐந்தாவதாக ஆறு. றொஜர் தன் இருபதை மெல்லக் கவிழ்த்து வைத்தான். கதிரையில் சாய்ந்தபடியே மிருணாளினி குறட்டை விட்டாள்.

"அண்ணையின்ரை நித்திரைக்கும் ஒரு கை போடுவமோ அக்கா?" என்று றொஜர் கேட்டான்.

பூரணி கதவோரம் நின்ற புருசனைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. "எனக்கு விடிய வேலை," என்று சொல்லிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

றொஜர் பிறகு வரவில்லை. ஏழு வருசமாகக் குகதாசன் விழித்தே இருக்கிறான். விடிய முதல் மெத்ரோ ரயிலுக்குப் போகிறவர்கள் தங்களை எழுப்பிவிடச் சொல்லி அவனிடம் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கட்டிலை விற்றுவிட்டுப் பூரணி ஒற்றைக் கட்டில் வாங்கினாள். மிச்ச இடத்தில் மகளின் படிப்பு மேசை நிற்கிறது. கட்டிலை மேலே தூக்கிக் கொடுத்தவன் குகதாசன்தான்.