சாமந்திக்கு வந்த வெளிச்சம்

கே.கே. நகரில் தம் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு தெருவிளக்கு வேண்டுமென்று முத்துகிருஷ்ணன் இரண்டு வருடம் மனு எழுதினார். தி. நகரில் துணிக்கடை நடத்துகிறவர்; விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பது அவர் அனுபவம். ஆடியில் விளக்கு வந்தது. தெருவே அவரைக் கொண்டாடியது.

கார்த்திகை பிறந்தும் அவர் பால்கனியில் சாமந்தி பூக்கவில்லை. வருடாவருடம் இந்நேரம் தொட்டிக்கு இருபது மொட்டாவது கண்டவர். தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். இலையடியில் பச்சையாக ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். "ஏளா, மொட்டு!" என்று மனைவியைக் கூப்பிடுவார். நாலாம் நாள் அது இரண்டு இலையை விரித்துக் கிளையாகிவிடும். செடிகள் இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றன.

"கீரைன்னு கடைஞ்சிர வேண்டியதுதான்," என்றாள் இசக்கியம்மாள்.

கீழ் வீட்டில் குடியிருந்த கைசர் ஜஹான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். ஒருநாள் மேலே வந்தவர் செடியைவிட விளக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"சார், இது ராத்திரியோட நீளத்தை வச்சுத்தான் காலத்தைக் கண்டுபிடிக்கும். ராத்திரி நீண்டா முளை பூவாகும். இல்லன்னா கிளையாத்தான் போகும். இந்த வெளிச்சத்துல அதுக்கு ராத்திரி எங்க நீளுது? உங்க செடிக்கு இன்னும் ஆடியே முடியல."

ஆடியை எப்போது முடிக்க வேண்டும் என்று துணிக்கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விளக்கை அணைக்க வேண்டுமே! தெருவிளக்குகளைக் கவனிக்கும் எலக்ட்ரீஷியன் டில்லிபாபுவைப் பிடித்து, சும்மா கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், நீ கேட்டுதானே வந்துச்சு? இப்ப கயட்டச் சொல்றே. தெருவே உன் பேரைச் சொல்லிக்கினு கீது. நான் கை வச்சேன், தோலை உரிச்சிடுவாங்க."

மறுநாளே கடையிலிருந்து கறுப்பு லைனிங் துணி கொண்டுவந்தார். மாலை ஐந்தரைக்குத் தொட்டிகளை மூடினார். காலை ஏழுக்குத் திறந்தார். கூட்டம் அலைமோதும் கடையை அப்படியே விட்டுவிட்டு, "வீட்டுல ஒரு சோலி" என்று நாலரைக்கே கிளம்பினார். என்ன சோலி என்று மூச்சு விடவில்லை. விளக்கு வாங்கித் தந்த மனிதர் இருட்டுக்கு அலைகிறார் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம், ஒரு கிளை நுனியில் பட்டாணி போல உருண்டையாக ஒன்று. விரல் நுனியால் தொட்டார். கெட்டியாக இருந்தது. மொட்டேதான். கண் கலங்கிவிட்டது, இசக்கியம்மாள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் பாலகணேஷ் வந்தார். மூடிய தொட்டிகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்குப் பாராட்டு விழா நடத்த லேட்டாயிருச்சு, தப்புதான். அதுக்காகத் தெருவே பாக்குற மாதிரி கறுப்புத் துணி கட்டி எதிர்ப்பைக் காட்டணுமா?"

முத்துகிருஷ்ணன் வாயைத் திறந்தார். சாமந்திக்காக என்று சொன்னால் கறுப்புக்கொடியைவிடக் கேவலம். "காபி சாப்பிடுங்க," என்றார்.

"கமிட்டியில பேசி முடிச்சுட்டோம். பொங்கல் விழாவுல உங்களுக்குப் பொன்னாடை. அது மட்டுமில்ல, உங்க பால்கனிக்குப் பக்கத்துலயே இன்னொரு லைட்டும் கேக்குறோம். மனுவுல முதல் கையெழுத்து நீங்கதான் போடணும்."

பேனாவை நீட்டினார். உள்ளேயிருந்து இசக்கியம்மாள் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. முத்துகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் அதன் கீழே 'மிக அவசரம்' என்றும் எழுதி, அடிக்கோடிட்டுக் கொடுத்தார்.