வைக்கோல் பெல்லோஸ்

லிட்டில் ஹார்ன்பிக்கு வரலாறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ராஜா யாரும் வழி தவறிக்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் சர்ச் கூரை ஒழுகியபோது, ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டு விற்கலாம் என்று பள்ளிக்கூட வாத்தியார் வில்ஃபிரட் ஹாக்கின் தலையில் கட்டினார்கள். மனிதரும் எழுதினார். கடைசியில் இரண்டு பக்கம் காலியாக நின்றது. கை சும்மா இருக்கவில்லை.

பிளேக் வந்த வருஷம் பெல்லோஸ் என்ற கொல்லன் லண்டனிலிருந்து துணி மூட்டை ஒன்றைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தான், அதிலிருந்து நோய் தொற்றிப் பாதி ஊர் செத்தது என்று ஒரு கதை கட்டினார். பெல்லோஸ் என்ற பெயர் கல்லறைத் தோட்டத்தில் வாசலை ஒட்டிய கல்லில் இருந்தது. அவ்வளவுதான் ஆதாரம்.

மறு வருஷமே கோடைத் திருவிழாவில் பப்பில் குடித்த இளவட்டங்கள் வைக்கோலில் ஒரு பெல்லோஸைக் கட்டிக் கம்பில் மாட்டி, அழுகின முட்டைக்கோஸால் அடித்தார்கள். இப்போது அது முந்நூறு வருஷப் பழக்கமாம். இன்றைக்குத் திருவிழாவில் அந்தக் கதையை வெட்டிய பித்தளைப் பலகையைத் திறக்கப் போகிறார்கள். திறப்பவர் வில்ஃபிரட்.

ஊரில் மிஞ்சியிருந்த ஒரே பெல்லோஸ் எடித், அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள். தேநீர்க் கூடாரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அங்கேதான் நிற்பாள், வைக்கோல் ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வில்ஃபிரட் அதைக் கண்டும் காணாத மாதிரியே காலத்தை ஓட்டிவிட்டார். பித்தளையில் ஏறிவிட்டால் அப்புறம் உண்மையைச் சொல்ல வாயே இருக்காது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

"எடித், ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கொல்லன் கதை..."

"நீ கட்டினது. தெரியும்."

எடித் அடுத்த கேக்கை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"புத்தகம் வந்த அடுத்த மாசமே சர்ச் பதிவேட்ட போய்ப் பார்த்தேன். பிளேக் வருஷத்துல இங்க மொத்தமே ரெண்டு சாவு. அதுல ஒருத்தன் வைக்கோல் வண்டிலேருந்து விழுந்தவன்."

"அப்போவே சொல்லியிருக்கலாமே?"

"'பெல்லோஸ்காரி வேற என்ன சொல்லுவா'ன்னு சொல்லியிருப்பாங்க. வாத்தியார் நீ சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். என் பையன் ஹியூ உன் வகுப்புலதான இருந்தான்? 'பிளேக்கு'ன்னு அவனக் கூப்பிட்டாங்க. நீயும் சேர்ந்து சிரிச்ச. பதினாறு வயசுல ஊர விட்டுப் போனவன் கோடையில இங்க வர்றதே இல்ல."

சிரித்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. வெட்கம் காதுவரை சுட்டது.

"மன்னிச்சிடு எடித்."

"என்கிட்ட எதுக்கு? மைக் அங்க இருக்கு."

போனார். பலகை மேல் போட்டிருந்த துணியைத் தொடாமல், "இது பொய். நான் எழுதின பொய்" என்றார். கூட்டத்தில் முதலில் சிரித்தார்கள். அவர் பதிவேட்டைப் பற்றியும் ஹியூவைப் பற்றியும் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

பப் நடத்தும் நைஜல் கையில் ஒரு முட்டைக்கோஸோடு நின்றான். "அப்போ இத யார் மேல எறியறது, வாத்தியாரே?" என்று கேட்டான். வேடிக்கைக்குத்தான் கேட்டான், யாரும் சிரிக்கவில்லை.

வில்ஃபிரட் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். வைக்கோல் ஆளை இறக்கிப் புல்லில் கிடத்திவிட்டு, கம்பை ஒட்டிப் போய் நின்றார்.

யாரும் எறியவில்லை. நைஜல் முட்டைக்கோஸைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். மற்றவர்களும் கலைந்தார்கள். எறிந்திருந்தால் தேவலாம் என்று வில்ஃபிரட்டுக்கு இருந்தது. கூடாரத்தில் எடித் முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை.